ரத்தம் நின்ற பிறகு

ஈரல் ஆபரேஷன் என்றாலே எல்லாருக்கும் பயம் ரத்தத்தைப் பற்றித்தான். முந்தின நாள் மாலை வார்டில் சம்மதக் கையெழுத்து வாங்கும்போது வீட்டார் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை பாட்டில் ரத்தம் ஏத்தணும் சிஸ்டர்?" என்பது. ரத்தம் கொடுக்க ஊரிலிருந்து நாலைந்து பேரை அழைத்தும் வந்திருப்பார்கள். அந்தப் பயம் வீணானதில்லை. ஒரு தலைமுறைக்கு முன்னால் ஈரலில் கத்தி வைக்க டாக்டர்களே தயங்கியது ரத்தப்பெருக்கை நினைத்துத்தான். இன்று அனஸ்தீசியா, ஸ்கேன், வெட்டும் முறை எல்லாம் முன்னேறி, பெரிய ஈரல் அறுவைகளில் பல ரத்தமே ஏற்றாமல் முடிகின்றன. வெட்டிய இடத்திலிருந்து பித்தம் வயிற்றுக்குள் ஒழுகுகிற பித்தக் கசிவு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பல நாடுகளின் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால், ஈரலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்த 100 பேரில் 3 முதல் 12 பேர் வரை இதில் மாட்டுகிறார்கள். ஆனால் "பித்தம் கசியுமா?" என்று ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் டாக்டர் இல்லை. சென்னையில் ஈரல் அறுவை நடக்கிற தியேட்டர்களில் பல வருடமாக ஸ்க்ரப் நர்ஸாக நிற்கிறவள். வெட்டுவது என் கை இல்லை. ஆனால் கத்தி, கிளிப், நூல், ரத்தம் ஒற்றுகிற துணியான மாப் எதுவும் என் கை படாமல் வயிற்றுக்குள் போவதுமில்லை, வெளியே வருவதுமில்லை. அந்த இடத்தில் நின்று பார்த்ததையும், டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

ஈரல் ஒரு நாளில் அரை லிட்டருக்கு மேல், சிலருக்கு ஒரு லிட்டர் வரை பித்தம் சுரக்கிறது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களில் கிளம்பி, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய நாளங்களில் சேர்ந்து, இடதும் வலதும் ஒன்றாகி முன்சிறுகுடலுக்கு இறங்குகிறது. ஈரலை வெட்டும்போது ரத்தக்குழாய்களோடு இந்த நாளங்களும் அறுபடுகின்றன. ரத்தக்குழாய் அறுபட்டால் அந்த நிமிடமே தெரிந்துவிடும். சிவப்பு கண்ணை இழுக்கும், மானிட்டரில் பிரஷர் இறங்கும், அனஸ்தீசியா டாக்டர் தலையை நீட்டுவார். அதோடு ரத்தம் தானாகவே உறையும். பித்தத்துக்கு உறைகிற குணம் இல்லை. மெல்லிய, வெளிறிய மஞ்சள் நீராக ஒரு சொட்டு வந்தால், ஈரப் பளபளப்போடு இருக்கிற வெட்டுப் பரப்பில் அது தெரியவே தெரியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெட்டும்போது ரத்தம் குறைய, ஈரலுக்குள் போகும் குழாய்க்கட்டை சில நிமிடங்கள் இறுக்கிப் பிடித்து, விட்டு, மறுபடி பிடிப்பார்கள். 1908-இல் கிளாஸ்கோவில் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் எழுதிவைத்த வழி அது. இன்றும் தியேட்டரில் "பிரிங்கிள் போடுறேன், டைம் பாத்துக்கோங்க" என்றுதான் சொல்கிறோம். அப்படி ரத்த ஓட்டம் விட்டுவிட்டு வருகிற ஈரல் அந்த நேரத்தில் பித்தம் அதிகம் சுரக்காது. ஆக மேசையில் இருக்கும்போது கசிவு இருந்தாலும் அது ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிற மூன்றாம் நாள்தான் அது தன் சுயரூபத்தைக் காட்டும். உதரவிதானத்துக்குக் கீழே பித்தம் தேங்கும், கிருமி சேரும், காய்ச்சல் வரும். பாதி ஈரலோடு மீண்டு வருகிற உடம்புக்கு இது தாங்காது. கேன்சருக்காக அறுவை செய்துகொண்டவராக இருந்தால், அடுத்து தொடங்க வேண்டிய கீமோ வாரக்கணக்கில் தள்ளிப்போகும்.

தடுக்கிற வேலை முதல் வெட்டுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஈரலுக்குள் எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்பதை உலகத்துக்குக் காட்டியவர்களில் ஒருவர் வியட்நாமின் டோன் தாட் துங். 1930-களில் ஹனோயில், இளம் மருத்துவராக, இறந்தவர்களின் ஈரல்களை எடுத்து, சதையைச் சுரண்டி நீக்கி, குழாய்களை மட்டும் வெளியே கொண்டுவந்தார். சுமார் 200 ஈரல்களை அப்படிப் பார்த்திருக்கிறார். பின்னாளில் விரல் நுனியால் ஈரல் சதையை நசுக்கி, குழாய் விரலில் தட்டுப்பட்டதும் நிறுத்தி அதைக் கட்டுகிற முறைக்குப் பெயர் பெற்றதும் அவர்தான். பாரிஸில் குளோட் குய்னோ 1957-இல் ஈரலை எட்டு செக்மென்டுகளாகப் பிரித்துப் புத்தகம் எழுதினார். இன்று எங்கள் தியேட்டர் போர்டில் "செக்மென்ட் 5, 6 ரிசெக்‌ஷன்" என்று எழுதுவதெல்லாம் அவர் போட்ட எண்கள்தான்.

ஆனால் பித்த நாளம் புத்தகத்தில் இருக்கிறபடி ஓடுவது ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்குத்தான். மற்றவர்களுக்கு ஏதாவது ஒரு மாற்றம் இருக்கும். அதில் எனக்குத் தெரிந்து மிகவும் ஆபத்தானது, ஈரலின் வலது பின்பகுதியிலிருந்து வரும் நாளம் வலது நாளத்தில் சேராமல் இடது நாளத்தில் போய்ச் சேர்வது. பத்தில் ஒருவருக்கு மேல் இப்படி இருக்கிறது. இது தெரியாமல் இடது பாதியை எடுக்கும்போது இடது நாளத்தை அடியோடு வெட்டினால், உடம்பில் தங்கப்போகிற வலது ஈரலின் ஒரு பகுதிக்குப் பித்தம் போக வழியே இருக்காது. அந்தப் பகுதி சுரந்துகொண்டே இருக்கும், வயிற்றுக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பித்த நாளங்களைக் காட்டுகிற எம்.ஆர்.ஐ. ஸ்கேனான எம்.ஆர்.சி.பி. படம் தியேட்டர் திரையில் அறுவை முடியும்வரை இருக்க வேண்டும் என்கிறோம். நான் மிகவும் மதிக்கிற ஒரு மூத்த சர்ஜன், கை கழுவி வந்ததும் ஜூனியரிடம், "வலது பின்பக்க டக்ட் எங்கப்பா போகுது? ரிப்போர்ட்டப் பாக்காம சொல்லு" என்பார். ஜூனியர் படத்தைத் தானே பார்த்துச் சொன்ன பிறகுதான் என்னிடம் கை நீட்டிக் கத்தி கேட்பார். அந்த இரண்டு நிமிடத்தை அவர் எந்த நாளிலும் விட்டுக்கொடுத்ததில்லை. இடது நாளத்தை வெட்ட வேண்டிய நேரம் வரும்போதும் நடுவிலிருந்து நன்றாக இடப்பக்கம் தள்ளித்தான் வெட்டுவார்.

வெட்டும் கருவி பற்றிப் பேச்சு வந்தால் உடனே கியூசாவைச் சொல்வார்கள். அதன் முனை விநாடிக்கு 20,000 தடவைக்கு மேல் அதிர்ந்து, நீர் நிறைந்த ஈரல் சதையை மட்டும் பொடித்து உறிஞ்சும். நார்ச்சத்துள்ள குழாய்கள் அறுபடாமல் நூல் நூலாக வெளியே தெரியும். பார்க்க மிக அழகான வேலை. ஆனால் கெல்லி என்கிற சாதாரண இடுக்கியால் சதையை நசுக்கி, மிஞ்சி நிற்கிற குழாயைக் கட்டி வெட்டுகிற பழைய முறை எதிலும் தாழ்ந்துவிடவில்லை. 2005-இல் ஜூரிக்கில் நான்கு முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது வேகத்திலும் ரத்த இழப்பிலும் செலவிலும் முன்னே நின்றது அந்த இடுக்கி முறைதான். கருவி எதுவானாலும், பித்தக் கசிவைப் பொறுத்தவரை முக்கியம் வெளியே தெரிகிற ஒவ்வொரு குழாயையும் நிதானமாகக் கட்டுவதுதான். சூட்டால் மூடுகிற கருவிகள் சின்ன ரத்தக்குழாய்க்கு நன்றாக உதவும். பித்த நாளத்தின் மேல் அவற்றை அப்படி நம்ப முடியாது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன் உள்ள எதற்கும் கிளிப்போ நூலோ கேட்டால்தான் எனக்கு நிம்மதி. தமனி, குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவருகிற போர்ட்டல் சிரை, பித்த நாளம் மூன்றும் ஒரே உறைக்குள் சேர்ந்து ஓடுபவை. உறையோடு சேர்த்துக் கட்டினால் நாளம் தப்பிப்போகாது.

சூடு இன்னொரு விதத்திலும் கெடுக்கும். ஈரல் சதைக்கு ரத்தம் இரண்டு வழியில் வருகிறது: தமனி, போர்ட்டல் சிரை. பித்த நாளத்துக்குத் தமனி ஒன்றே கதி. பொதுப் பித்த நாளத்தை நேராக வைத்துப் பார்த்தால் அந்த நுண்தமனிகள் கடிகாரத்தில் 3 மணியும் 9 மணியும் இருக்கிற பக்கங்களில் ஓடுகின்றன என்று 1979-இல் நார்த்தோவரும் டெர்பிளாஞ்சும் காட்டினார்கள். நாளத்தைச் சுற்றியுள்ள திசுவை வழித்து வெறுமையாக்கினாலோ, ரத்தக் கசிவை நிறுத்துகிறேன் என்று நடுப்பகுதியில் மின்சாரச் சூட்டுக் கருவியான டயாத்தெர்மியால் பொசுக்கிக்கொண்டே இருந்தாலோ, அன்றைக்கு எதுவும் தெரியாது. ஒரு வாரம் கழித்து அந்த இடம் செத்துப்போய் ஓட்டை விழும். எந்தச் சோதனையிலும் முன்கூட்டி அகப்படாத கசிவு இது. அதனால் அந்த இடத்தில் ரத்தம் கசிந்தால் டயாத்தெர்மி பென்சிலுக்குப் பதில் மிக மெல்லிய 6-0 நூலைக் கேட்கிற சர்ஜன்களை எனக்குப் பிடிக்கும்.

இனி நான் எழுத விரும்பிய நேரத்துக்கு வருகிறேன். வெட்ட வேண்டியதை வெட்டியாகிவிட்டது. ரத்தம் நின்றுவிட்டது. எல்லாருக்கும் கால் வலிக்கிறது. ஷிப்ட் மாறுகிற நேரம். வெளியே அடுத்த கேஸ் ட்ராலியில் காத்திருக்கிறது, "மூடியாச்சா? அடுத்ததை அனுப்பலாமா?" என்று போன் வருகிறது. இந்த நேரத்தில்தான் பித்தத்தைத் தேட வேண்டும். தேடுவதற்கு இருபது நிமிடம் போதும். அந்த இருபது நிமிடத்தை யாரும் பிடுங்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. புதிதாகப் பிரித்த வெள்ளை மாப்பை இளஞ்சூடான சலைனில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, மடிப்பில்லாமல் விரித்துக் கொடுப்பேன். அதை வெட்டுப் பரப்பு முழுவதும் படியும்படி வைத்து, மேலே கையை வைத்துச் சில நிமிடம் சும்மா இருக்க வேண்டும். எடுக்கும்போது இழுக்கக் கூடாது; நேராக மேலே தூக்க வேண்டும். தூக்கியதும் திருப்பிவிடாமல் தலைப்பக்கம் இருந்த முனை தலைப்பக்கமே இருக்கும்படி பிடிக்க வேண்டும். அப்போதுதான் மாப்பில் இருக்கிற கறை ஈரலில் எந்த இடத்துக்கு உரியது என்று பொருத்திப் பார்க்க முடியும். ரத்தம் பட்ட இடம் இளஞ்சிவப்பாக, ஓரம் தெளிவாக இருக்கும். பித்தம் பட்ட இடத்தில் சிவப்பைச் சுற்றி ஒரு மங்கலான மஞ்சள் படர்ந்திருக்கும். சில சமயம் லேசான பச்சை. டயாத்தெர்மி பட்டுப் பழுப்பேறிய பரப்பில் இந்த மஞ்சளைக் கண்ணால் பிடிக்க முடியாது. வெள்ளைத் துணியில் பிடிக்கலாம். பழைய, ஒருமுறை பயன்படுத்தி அலசிய மாப்பை நான் இதற்குத் தருவதே இல்லை. யாராவது அவசரத்தில் கேட்டாலும், "ஒரு நிமிஷம் சார், புதுசு பிரிக்கிறேன்" என்று சொல்லிவிடுவேன்.

ஆனால் பித்தம் சுரப்பே குறைந்திருக்கிற நேரத்தில் மாப் மட்டும் போதாது. உள்ளேயிருந்து எதையாவது செலுத்திப் பார்க்க வேண்டும். பித்தப்பையை எடுத்த பிறகு மிச்சம் இருக்கிற நாளக் கட்டைக்குள், குழந்தைகளுக்குப் பால் செலுத்துகிற மெல்லிய ஃபீடிங் டியூபை நுழைத்து, கீழே பொதுப் பித்த நாளத்தை விரலாலோ மென்மையான கிளாம்பாலோ மூடிக்கொண்டு, சிரிஞ்சால் மெதுவாகத் தள்ளினால், எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே வெளியே வரும். எதைத் தள்ளுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெறும் சலைனைத் தள்ளிப் பார்ப்பதில் பயன் உண்டா என்று டோக்கியோவில் ஒரு ஆய்வு செய்து 2000-இல் வெளியிட்டார்கள். சோதித்தவர்களுக்கும் சோதிக்காதவர்களுக்கும் கசிவில் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. ஈரமான பரப்பில் நிறமில்லாத நீர் ஊறி வருவதை யார் பார்க்க முடியும்? மெத்திலீன் புளூ நன்றாகத் தெரியும்தான். ஆனால் ஒருமுறை கசிந்தால் பரப்பு முழுக்க நீலம் ஏறிவிடும். இரண்டாவது ஓட்டை எங்கே என்று தேட வழியிருக்காது.

ஜெர்மனியின் எசென் நகரத்து சர்ஜன்கள் 2000-களின் பிற்பகுதியில் இதற்கு எழுதிய தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு நரம்பு வழியாக ஏற்றுகிற இன்ட்ராலிப்பிட் என்ற கொழுப்புக் கரைசல் எல்லா மருத்துவமனையிலும் இருக்கும். பால் வெள்ளை. அதைத் தள்ளினால் சிவந்த ஈரல் பரப்பில் வெள்ளைப் பொட்டு எழும்பும். அங்கே ஒரு மெல்லிய தையல். சலைனால் கழுவினால் வெள்ளை மொத்தமும் போய்விடும், கறை இல்லை. மறுபடி தள்ளலாம், மறுபடி பார்க்கலாம், வெள்ளை வராத வரைக்கும். தள்ளுகிற கை மென்மையாக இருக்க வேண்டும். பலமாக அழுத்தினால் நல்லபடி மூடியிருக்கிற நுண்குழாயும் திறந்துகொள்ளும். தையலும் ஆழமாகப் போகக் கூடாது. பக்கத்து நாளத்தைச் சேர்த்து இறுக்கிவிட்டால் அது வேறு தொல்லை. எல்லாம் முடிந்த பிறகு அந்த ஃபீடிங் டியூபை எடுத்துவிட்டு நாளக் கட்டையைக் கட்ட வேண்டும். கட்டியாயிற்றா என்று நான் வாய்விட்டுக் கேட்பேன்.

இதில் நர்ஸ்கள் எல்லாரும் கவனிக்க வேண்டிய ஒன்று. அனஸ்தீசியாவுக்குத் தருகிற புரோபோஃபாலும் கொழுப்புக் கரைசலில்தான் வருகிறது. அதுவும் பால் வெள்ளை. தலைப்பக்கம் ஒரு வெள்ளை சிரிஞ்சு, என் மேசையில் ஒரு வெள்ளை சிரிஞ்சு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் இன்ட்ராலிப்பிட்டை உறிஞ்சிய அந்தக் கணமே லேபிள் ஒட்ட வேண்டும். பாட்டிலின் பெயரை, மேசைக்கு வெளியே நின்று பொருள் எடுத்துத் தருகிற சர்க்குலேட்டிங் நர்ஸ் சத்தமாகப் படிக்க, நான் திருப்பிச் சொல்ல வேண்டும். லேபிள் இல்லாத வெள்ளை சிரிஞ்சு மேசையில் இருந்தால் அது குப்பைக்குத்தான் போக வேண்டும். யார் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் சரி.

அமெரிக்காவில் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் கேன்சர் மையத்தார் 2013-இல் வெளியிட்ட வழி இன்னும் எளிது. வயிற்றுக்குள் சலைனை நிரப்பி வெட்டுப் பரப்பை மூழ்கடித்து, அதே டியூப் வழியாகக் காற்றைச் செலுத்துவது. சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பஞ்சர் பார்க்கிற அதே வேலை. குமிழி வருகிற இடத்தில் தையல். இந்தச் சோதனை செய்தவர்களில் கசிவு சுமார் 2 விழுக்காடு, செய்யாதவர்களில் ஏறக்குறைய 11 விழுக்காடு என்று அவர்கள் எழுதினார்கள். முன்னும் பின்னுமான காலங்களில் செய்த அறுவைகளை ஒப்பிட்ட கணக்கு என்பதால் அதை அப்படியே எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது. ஆனாலும் காற்றுக்கு விலை இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் செய்யலாம்.

இந்த டியூப் சோதனைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. டியூப் வழியாகத் தள்ளுகிற எதுவும் மைய நாளத்தோடு தொடர்புள்ள இடத்துக்குத்தான் போகும். முன்னே சொன்ன அந்த வலது பின்பக்க நாளம்போல, தொடர்பு அறுந்து தனியே நிற்கிற நாளத்துக்குள் பாலும் போகாது, காற்றும் போகாது. சோதனை சுத்தமாக இருக்கும், கசிவு இருக்கும். அங்கே உதவக்கூடியது ஐ.சி.ஜி. என்கிற இன்டோசயனின் கிரீன். 25 மில்லிகிராம் குப்பியில் கரும்பச்சைப் பொடியாக வரும். கரைத்து நரம்பில் சிறிய அளவு செலுத்தினால், ஈரல் செல்கள் அதை எடுத்துப் பித்தத்தில் மட்டுமே கழிக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை ஒட்டிய ஒளியில், அதற்கான கேமரா வழியாகப் பார்த்தால் பித்தம் இருக்கிற இடம் ஒளிரும். ஈரலே பித்தத்தோடு அதை வெளியே அனுப்புவதால், தனித்துப்போன நாளமும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீழே அது தெரியாது. ஈரல் சதையும் சேர்ந்து ஒளிர்வதால் எது எது என்று பிரித்துப் பார்க்கப் பழக்கம் வேண்டும். கேமராவின் விலையும் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது.

பசை பற்றி ஒரு வார்த்தை. வெட்டுப் பரப்பில் ஃபைப்ரின் பசையைத் தெளித்துவிட்டால் கசிவு வராது என்று நெடுநாள் நம்பினார்கள். 2007-இல் ஸ்பெயினில் 300 பேரிடமும், 2012-இல் நெதர்லாந்தை மையமாகக் கொண்டு பல மருத்துவமனைகளில் 310 பேரிடமும் சோதித்தார்கள். இரண்டிலும் பசை பித்தக் கசிவைக் குறைக்கவில்லை. திறந்திருக்கிற நாளத்துக்குத் தேவை தையல். மேலே பூசுகிற பூச்சு அந்த இடத்தை மறைத்துவிடும், அவ்வளவுதான். நோயாளியின் பில்லில் பல ஆயிரம் ஏற்றிவிட்டு, தேடும் வேலையையும் குறைத்துக்கொள்ள அது காரணமாகிவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இவ்வளவு பிடிவாதம் எனக்கு வந்தது டோனர்களால். நம் நாட்டில் ஈரல் மாற்று அறுவைகளில் பெரும்பாலானவை உயிரோடு இருக்கிற ஒருவர் தன் ஈரலில் ஒரு பகுதியைத் தருவதால்தான் நடக்கின்றன. இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் ஈரல் மாற்று அறுவை, 1998-இல் டெல்லியில், காஞ்சிபுரத்திலிருந்து போன ஒரு குழந்தைக்கு அதன் அப்பா தந்த ஈரலால் நடந்தது. அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டராகவும் ஆகிவிட்டது. டோனர் தியேட்டருக்குள் பெரும்பாலும் நடந்தே வருவார். ஒரு நோயும் இல்லாத உடம்பு. மேசையில் தானே ஏறிப் படுத்து, "அவங்களுக்கு எப்ப ஆரம்பிப்பீங்க சிஸ்டர்?" என்று கேட்பார். மனைவி, மகன், அக்கா, மருமகள் யாராக இருந்தாலும் கேட்பது அடுத்த தியேட்டரில் இருப்பவரைப் பற்றித்தான். டோனர்களுக்கு வரக்கூடிய சிக்கல்களில் அடிக்கடி காண்பது பித்தக் கசிவு. நோய்க்காகப் படுத்தவருக்கு வருவது ஒன்று. கொடுக்க வந்தவருக்கு நம் மேசையில் வருவது வேறு.

டோனரின் வலது ஈரலை எடுக்கும்போது வலது பித்த நாளத்தை வெட்டுகிற அந்த ஓர் இடம், முழு அறுவையிலும் தியேட்டர் மிகவும் அமைதியாகிற இடம். டோனரின் பக்கம் இரண்டு மில்லிமீட்டர் அதிகமாக நகர்ந்தால், டோனருக்கு மிஞ்சுகிற நாளம் தைக்கும்போது சுருங்கிவிடும். மேலே பித்தம் தேங்கி அழுத்தம் கூடினால் தையலே விட்டுப்போகும். எதிர்ப்பக்கம் நகர்ந்தால் எடுக்கிற ஈரலில் ஒரு வாய்க்குப் பதில் இரண்டு, மூன்று வாய்கள். பெறுகிறவருக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொருத்த வேண்டும், ஒவ்வொன்றும் கசியக்கூடிய ஓர் இடம். அதனால் வெட்ட நினைக்கிற இடத்தில் ஒரு சின்ன கிளிப்பை அடையாளமாக வைத்து, சாயமருந்து செலுத்தி, சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். நாங்கள் லெட் ஏப்ரனோடு நின்றிருப்போம். படத்தில் கிளிப் எங்கே விழுகிறது என்று பார்த்து, ஒரு மில்லிமீட்டர் மாற்றி, மறுபடி படம். வெட்டியபின் டோனர் பக்கத்து வாயை 6-0 நூலால் குறுக்குவாக்கில் தைத்து, மறுபடி ஒரு படம்: சாயம் இடது ஈரலுக்குள் தடையில்லாமல் போகிறதா, வெளியே எங்காவது ஒழுகுகிறதா என்று. இந்தக் கடைசிப் படத்தை எடுக்காமல் விடுகிற தியேட்டரில் நிற்க எனக்கு விருப்பமில்லை.

இத்தனைக்குப் பிறகும் சிலருக்குக் கசியத்தான் செய்யும். அதைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதும் தடுப்பின் ஒரு பாதிதான். வயிற்றுக்குள் தேங்குகிற நீரை வெளியே வடிக்கிற குழாயான டிரெயினை எல்லாருக்கும் வைக்க வேண்டியதில்லை. வைத்த குழாய் வழியாகக் கிருமி உள்ளே ஏறவும் கூடும். வைத்தவர்களுக்கு மூன்றாம் நாள் அந்த நீரில், பித்தத்துக்கு மஞ்சள் நிறம் தருகிற பிலிருபின் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சர்வதேச ஈரல் அறுவை ஆய்வுக் குழு 2011-இல் வகுத்தபடி, மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ டிரெயின் நீரின் பிலிருபின் ரத்தத்தில் இருப்பதைப்போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் அது பித்தக் கசிவு. ரத்தத்தில் 1, டிரெயினில் 2 என்றால் கவலை இல்லை, குழாயை எடுத்துவிடலாம். டிரெயினில் 10 என்றால் குழாய் இருக்கட்டும். பையின் நிறத்தைப் பார்த்தே முடிவு சொல்கிறவர்கள் உண்டு. வைக்கோல் நிறத்தையும் பித்தத்தையும் டியூப்லைட் வெளிச்சத்தில் கண் பிரித்துவிடும் என்று நான் நம்பமாட்டேன். லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

பெரும்பாலான சின்னக் கசிவுகள் குழாய் வழியாக வடிந்து, சில நாட்களில் தானாகவே மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் இ.ஆர்.சி.பி. செய்து, அதாவது வாய் வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, பித்த நாளம் குடலில் திறக்கிற இடத்தில் சின்ன பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைப்பார்கள். அந்த வாயில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. 1887-இல் இத்தாலியின் பெருஜியாவில், இன்னும் மாணவராகவே இருந்த ருஜ்ஜெரோ ஓடி அதை விளக்கி எழுதியதால் இன்றும் அவர் பெயர்தான் அதற்கு. அந்தத் தசையின் இறுக்கத்தை ஸ்டென்ட் தாண்டிவிட்டால், பித்தம் குடலுக்கு எளிதாக இறங்கும், ஓட்டை வழியாகத் தள்ளும் அழுத்தம் குறையும், ஓட்டை ஆறும். சில வாரம் கழித்து ஸ்டென்டை எடுத்துவிடுவார்கள். எடுக்க வர மறந்துவிடக் கூடாது, அடைத்துக்கொள்ளும்.

வீட்டுக்குப் போனவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் குளிர்க்காய்ச்சல் வந்தால், வயிறு திம்மென்று உப்பினால், வலது தோள்பட்டையில் காரணமில்லாமல் வலி வந்தால், தையல் ஓரத்தில் துணி மஞ்சளாக நனைந்தால், வாயுத் தொல்லை என்று ஓம வாட்டர் குடித்துக் காத்திருக்காதீர்கள். தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு இரண்டு நாள் தள்ளவும் வேண்டாம். அறுவை நடந்த இடத்துக்கே போன் செய்து அன்றே போய்விடுங்கள். உங்கள் நாளம் எப்படி ஓடுகிறது, எங்கே தைத்தது என்ற குறிப்பு அங்கேதான் இருக்கிறது. அங்கே போக முடியாத தூரம் என்றால், டிஸ்சார்ஜ் சம்மரியோடு அறுவைக்கு முன் எடுத்த எம்.ஆர்.சி.பி., சி.டி. படங்களையும் கையோடு எடுத்துப் போங்கள். இ.ஆர்.சி.பி. செய்கிற டாக்டர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.